பட்டன் செருப்புத் தைத்ததை மறைக்காதீர்கள்

நவி மும்பையின் சான்பாடா, ஜூயிநகர், வாஷி வட்டாரத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வரும் பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளை வைத்து முத்துப்பட்டன் கதையை நடத்தலாம் என்று எங்களில் சிலர் கேட்டோம். நீங்களும் சந்தோஷமாகச் சம்மதித்தீர்கள். கொஞ்ச நாளில் நாடகப் பிரதி வாட்ஸ்அப்பில் வந்தது. பட்டனின் மாமனார் வாலப்பகடையின் பெயரே அதில் இல்லை. அவர் இடத்தில் 'மலைவாழ் தலைவர்' ஒருவர் நின்றார். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவும் திம்மக்காவும் சின்ன வயதில் காட்டில் தொலைந்துபோன இளவரசிகளாகியிருந்தார்கள். மாமனார் வைத்த சோதனையில் பட்டன் செருப்புத் தைக்கவில்லை, பூமாலை கட்டினான். மொத்தம் எட்டு நிமிடம், பின்னணியில் சினிமாப் பாட்டு. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "குழந்தைங்க மேடையில சாதி எதுக்கு? எல்லாரும் வர்ற விழா, யார் மனசும் புண்படக் கூடாது" என்று பதில் வந்தது. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை உங்கள் எல்லோரிடமும் நேராகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்களில் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாரோடு மனத்தாங்கலாகி மலையாளக் கரைக்குப் போய்ச் சேவகம் செய்தவன். ஊர் திரும்பும் வழியில், பொதிகை மலைக்காட்டில், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் இரண்டு பெண்களைப் பார்க்கிறான். மாடு மேய்க்கிற, தோல் தைக்கிற சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் அவர்கள். பெண் கேட்டு வந்தவனை வாலப்பகடை நம்பவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, எங்களைப்போலச் செருப்புத் தைத்துக் காட்டு, அப்புறம் பேசு என்கிறார். அண்ணன்மார் தடுத்துப் பார்க்கிறார்கள், பிடித்து அடைத்தும் வைக்கிறார்கள். பட்டன் தப்பி வந்து, சொன்னதெல்லாம் செய்து, இருவரையும் மணக்கிறான். கல்யாண இரவே மாட்டுத் திருடர்கள் வந்த செய்தி வருகிறது. மாமனாரின் மந்தையை மீட்கப் போகிறான். திருடர்களை விரட்டியடித்துவிட்டு ஓடைக்கரையில் நிற்கும்போது, ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்திச் சாய்க்கிறான். புருஷன் உடலைத் தேடி எடுத்த இரண்டு பெண்களும் சிங்கம்பட்டி ஜமீனிடம் உத்தரவு வாங்கித் தீ இறங்குகிறார்கள்.

இவ்வளவுதான் கதை. இதை நெல்லைச் சீமையில் பல தலைமுறையாக வில்லடித்துப் பாடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவன் நிற்கிறான், பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா. ஆடி அமாவாசைக்கு அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகக் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். தாமிரபரணியில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு பட்டவராயன் சன்னிதிக்கு வருவார்கள். அங்கே கொடுக்கும் காணிக்கை, தோல் செருப்பு. பெரிய பெரிய செருப்புகள், வாரும் குமிழுமாகத் தைத்தவை, வரிசையாகத் தொங்கும். அடுத்த வருடம் வந்து பார்த்தால் அவை தேய்ந்திருக்கும், பட்டன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறான் என்பது நம்பிக்கை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற நாடு இது. அதே நாட்டில் ஒரு சன்னிதியில் செருப்பே காணிக்கை. சாதி பார்க்காமல் எல்லாரும் அதை வாங்கிக் கட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளின் மேடையில் அதே செருப்பைப் பூமாலையாக்கிவிட்டோம். கோயிலில் கூசாதது மேடையில் ஏன் கூசுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

'பிள்ளைகளுக்குச் சாதி தெரிய வேண்டாம்' என்கிறீர்கள். அவர்களுக்குத் தெரியாது என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா? கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள். எந்தத் தெருவுக்குப் போகலாம், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று பெரியப்பாவும் அத்தையும் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வரன் தேடும் தளத்தில் முதலில் நிரப்பும் கட்டம் எது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கல்லூரியில் சேரும்போது சாதிச் சான்றிதழ் வாங்க நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். சாதி அவர்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேர்கிறது. அதை மீறிய ஒருவனின் கதை மட்டும்தான் வந்து சேரவில்லை. அதைத்தான் நாம் வடிகட்டி நிறுத்துகிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, அவன் தலித் என்பதால், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் சாதிப் பிரிவினையை எப்படித் தடுப்பது என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு இளம் மென்பொருள் பொறியாளரை, வேறு சாதிப் பெண்ணைக் காதலித்தார் என்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் நாளைக்கு மென்பொருள் பொறியாளர்கள்தாம். படிப்பும் சம்பளமும் வந்தால் இதெல்லாம் தானாக மறைந்துவிடும் என்று நம்பித்தானே நாம் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஹார்பர் லைன் பிடித்து இந்தப் பக்கம் வந்தோம்? மறையவில்லை. பட்டன் நடந்த அதே தாமிரபரணிச் சீமையில்தான் இந்த இரண்டும் நடந்தன. அந்த மண்ணிடம் இதற்கு ஒரு பதில் எப்போதோ இருந்தது என்று நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

கதையை இப்படி மாற்றுவது நமக்கு முன்பே நடந்திருக்கிறது. அதே நாங்குநேரியில் 1917-இல் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, வில்லுப்பாட்டுக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவர் பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'யை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றொரு பாடம் உண்டு. அது கதையில் பின்னால் நுழைக்கப்பட்டது என்று வானமாமலை எடுத்துக்காட்டினார். கலப்புத் திருமணத்தைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள், கல்யாணத்தை விட்டுவிட்டுப் பிறப்பை மாற்றினார்கள். மதுரை வீரனுக்கும் இதே கதி. அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், ஆனால் பிறப்பால் ராஜா மகன் என்று ஆக்கிவிட்டார்கள். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அந்த வழியில்தான் போனது. நம் பிரதியில் வந்த 'தொலைந்துபோன இளவரசிகள்' யாரும் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் இல்லை. பழைய கைகள் செய்த வேலையை நாம் தெரியாமலே திரும்பச் செய்திருக்கிறோம். இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் செய்யக் கூடாது.

வேறு நாட்டிலும் இது நடந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் பால் பன்யனையும் ஜான் ஹென்றியையும் படித்திருப்பார்கள். இருவரும் அமெரிக்க நாட்டார் கதைகளின் நாயகர்கள். 1996-இல் அந்த நாட்டு அஞ்சல் துறை ஒரே வரிசையில் இருவருக்கும் தபால்தலை போட்டது. ஆனால் இருவரும் போன வழி வேறு வேறு. பால் பன்யன் மரம் வெட்டும் முகாம்களில் கூலியாட்கள் இரவில் சொல்லிச் சிரித்த ராட்சதன். 1914-இல் ரெட் ரிவர் என்ற மரக் கம்பெனி அவனைத் தன் விளம்பரப் புத்தகத்தில் போட்டது. 1937-இல் பெமிட்ஜி என்ற ஊரில் அவனுக்கும் அவனுடைய நீல எருதுக்கும் சிலை வைத்தார்கள். இன்றைக்கு அவன் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்தமானவன், யாரையும் ஒன்றும் கேட்காதவன். அவனை முதலில் சொன்ன கூலியாட்கள் பட்ட குளிரும் பட்டினியும் அவன் கதையில் இப்போது எங்கும் இல்லை.

ஜான் ஹென்றி கறுப்பினத் தொழிலாளி. ரயில் பாதைக்காக மலையைக் குடைந்தபோது, சம்மட்டியோடு நீராவி இயந்திரத்தை எதிர்த்துப் போட்டி போட்டு, வென்று, அங்கேயே விழுந்து செத்தவன். மேற்கு வர்ஜீனியாவின் டால்காட்டில், 1870களில் குடைந்த பிக் பெண்ட் சுரங்கத்தில் இது நடந்தது என்று பலர் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் ஸ்காட் நெல்சன் 2006-இல் எழுதிய நூலில், வர்ஜீனியாச் சிறையிலிருந்து ரயில் வேலைக்கு வாடகைக்கு விடப்பட்ட ஒரு கைதிதான் அவன் என்று வாதிட்டார். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின இளைஞர்களைச் சின்னக் குற்றத்துக்குச் சிறையில் தள்ளி, அவர்கள் உழைப்பை விற்ற காலம் அது. தண்டவாளம் போட்டவர்கள் சம்மட்டி விழும் தாளத்தில் அவனைப் பாடினார்கள். சிறையிலும் பாடினார்கள். அவன் தோல் நிறத்தையும், அவன் எதற்காகச் செத்தான் என்பதையும் அந்தப் பாட்டிலிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. 1994-இல் எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெரி பிங்க்னியும் குழந்தைகளுக்காக அவன் கதையைப் படப் புத்தகமாகக் கொண்டுவந்தபோதும் அவன் கறுப்பினத்தவனாகவே இருந்தான், சம்மட்டியோடே இருந்தான். அமெரிக்கக் குழந்தைகள் அதைப் படித்துப் பயந்துவிடவில்லை. நம் முத்துப்பட்டனும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் போகப் போகிறான். எந்த வழி என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் எதிர் வீட்டு மராத்திக் குடும்பத்தைப் பாருங்கள். கல்யாணம் முடிந்ததும் ஜாக்ரண் கோந்தள் வைக்கிறார்களே, ராத்திரி முழுக்கக் கட்டடத்துக்குக் கீழே பாட்டுக் கேட்கிறதே, அதில் பாதி அவர்கள் தெய்வமான கண்டோபாவின் கதைதான். கண்டோபாவுக்கு முதல் மனைவி மாள்சா, வாணி குலத்தவள். இரண்டாவது பானாய், ஆடு மேய்க்கும் தன்கர் குலத்தவள். பானாய்க்காகக் கண்டோபா வேலையாள் வேடம் போட்டு அவள் வீட்டு ஆடுகளை மேய்த்தார் என்று அவருடைய பக்திப் பாடகர்களான வாக்யாக்களும் முரளிகளும் பாடுகிறார்கள். எதையும் மறைப்பதில்லை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள், ஐந்து வயதுக் குழந்தைகள் மடியில் தூங்குகிறார்கள். தெய்வம் ஆடு மேய்த்ததைச் சொன்னதால் அவருடைய ஜேஜுரிக் கோயிலுக்குக் கூட்டம் குறைந்துவிடவில்லை.

இனி சொல்லப்போவது எனக்குச் சொந்தமான காரணம். என் அப்பா தாராவியில் தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்தவர். உப்பேறிய தோலை அலசி, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கி, மரத்தின் மேல் போட்டு வளைந்த கத்தியால் மயிரும் சதையும் வழிக்கிற வேலை. சுண்ணாம்பு தின்று அவர் நகங்கள் மஞ்சளாகி, ஓரங்கள் நொறுங்கியிருக்கும். சாப்பிடும்போது சோற்றை விரல் நுனியால் பிசைய மாட்டார், எரியும். அந்தக் கைகளில்தான் நான் வளர்ந்தேன். தாராவியில் தோல் வேலை வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பங்கு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் ஆட்கள். 1971-இல் பக்கத்திலிருந்த மாடறுக்கும் கூடம் தேவ்னாருக்குப் போனது, பிறகு தொட்டிகளும் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் பை, பெல்ட், பர்ஸ் தைக்கிற கார்கானாக்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. உங்களில் பலர் பிள்ளைக்குப் பள்ளிப் பை வாங்க, கல்யாணத்துக்குச் சூட்கேஸ் வாங்கத் தாராவிக்குத்தானே போகிறீர்கள்?

தோல் தைப்பதை வெட்கமாக நினைக்காத கதை என்று என் அப்பாவுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். உயர்ந்தவன் என்று ஊர் சொன்ன ஒருவன், தாழ்ந்தது என்று ஊர் சொன்ன தொழிலை வாத்தியாரிடம் பாடம் கற்பதுபோல உட்கார்ந்து கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொடுப்பவர் வாலப்பகடை. இந்த இடம் வரும்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார். பூமாலை கட்டுகிற பட்டனைப் பார்த்து அவர் நிமிர்ந்திருக்க மாட்டார். இன்று தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அங்கே அடுத்தடுத்த சந்தில் இருந்த குடும்பங்கள் நாளைக்கு எங்கெங்கே போகும் என்று தெரியாது. கோயில் கொடைக்கு ஒன்றுகூடுவதற்கு ஒரு முற்றம் இருக்கும்வரை கதையும் இருக்கும். முற்றம் போன பிறகு நம்மைப்போலத் தள்ளி வந்தவர்கள்தாம் அதைத் தாங்க வேண்டும்.

'இது நெல்லைக்காரர் கதை, எங்கள் பக்கத்தில் இல்லை' என்று தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று சொன்னது. உங்கள் பக்கத்தில் காத்தவராயன் இருக்கிறான். பிராமணப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன். ஒவ்வொரு சீமையிலும் நம் முன்னோர் இப்படி ஒருவனைத் தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அவன் கதையை வையுங்கள், நானும் வந்து ஜமுக்காளம் விரிக்கிறேன். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்த பிராமணக் குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கதை உங்களைப் பழிப்பதற்காகச் சொல்வது இல்லை. இதன் நாயகன் உங்கள் வீட்டுப் பிள்ளை. அவனைப் பாடிப் பாடித் தெய்வமாக்கியவர்கள் மற்றவர்கள். அவன் அண்ணன்மாரின் பக்கம் நிற்பதா, அவன் பக்கம் நிற்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

கதையில் எனக்கும் உறுத்துகிற இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பொம்மக்காவும் திம்மக்காவும் தீ இறங்குவதைப் புகழ்ந்து பாடுவதை நான் ஏற்கவில்லை. அதற்காக அந்தப் பகுதியை வெட்டச் சொல்லவும் மாட்டேன். வில்லுப்பாட்டில் அது ஒப்பாரியாகத்தான் வரும், அப்படியே வரட்டும். பாடி முடித்த பிறகு தலைமைப் பாடகரான அண்ணாவியோ நம் பெண்களில் ஒருவரோ எழுந்து, இது அந்தக் காலத்துக் கொடுமை, இன்று எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாதது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசட்டும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரியாததைக் கேட்பார்கள், நாம் பதில் சொல்வோம்.

இப்போது என் வேண்டுகோள்.

எட்டு நிமிட நாடகத்தை எடுத்துவிடுங்கள். பொங்கல் விழாவின் மாலையில் இரண்டு மணி நேரம் வில்லுப்பாட்டுக்குக் கொடுங்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து ஒரு குழுவை அழைப்போம். அண்ணாவி, பின்பாட்டு, குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்க ஒன்றரை நாள் பிடிக்கும், ஆகவே டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டும். அவர்கள் கேட்கும் சம்பளத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். போன வருடம் வெளிச்சத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவழித்ததை நினைத்தால் இது பெரிய தொகையாக இராது. வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் பெருமைப்பட்டு எழுதினீர்கள்! அந்தப் பெருமையை ஊரில் இன்னும் வில்லடித்துப் பிழைப்பவர்களுக்குக் கூலியாகக் கொடுப்போம்.

வருகிற குழுவை விழாவுக்கு முந்தின நாளும் இங்கே தங்கவைப்போம். பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். குடத்தின் வாயைப் பாளை மட்டையால் தட்டினால் எப்படி அடிவயிறு அதிர்கிறது, வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் எப்படி ஒரே நேரத்தில் குலுங்குகின்றன என்று தொட்டுப் பார்க்கட்டும். பின்பாட்டில் 'ஆமா' போடுவதற்கு இரண்டு பிள்ளைகளை அண்ணாவி சேர்த்துக்கொள்வார், கேட்டுப் பார்க்கலாம். நாடகத்துக்குப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது.

குழுவிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்புங்கள்: கதையை ஊரில் கொடையன்று பாடுவதுபோலவே பாட வேண்டும், சபைக்கு ஏற்ப மாற்ற வேண்டாம். வாலப்பகடை வாலப்பகடையாகவே வரட்டும். அவர் மகள்கள் அவர் பெற்ற மகள்களாகவே வரட்டும். பட்டன் பூணூலை அறுக்கட்டும், தோலை வெட்டித் தைக்கட்டும்.

தாராவியில் இன்னும் தோல் தைக்கும் குடும்பங்களை விழாவுக்கு அழையுங்கள். முன்வரிசை நாற்காலிகளை வழக்கமாக யாருக்கு ஒதுக்குகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு மாலை அவர்களுக்கு ஒதுக்குங்கள். சயானிலிருந்து சான்பாடா வரைக்கும் வண்டி ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விழாக் குழு அடுத்து கூடும்போது இந்த மடலை வாசித்து, சம்மதம் உண்டா இல்லையா என்று கை தூக்கச் சொல்லுங்கள். மௌனமாகத் தள்ளிப்போடாதீர்கள். மார்கழிக்கு முன்பே குழுவுக்கு முன்பணம் அனுப்பியாக வேண்டும். பொங்கலையொட்டி அவர்களுக்கு ஊரில் வேறு அழைப்புகள் வந்துவிடும். முன்பணத்துக்கு என் பங்கை முதலில் வைக்கிறேன்.

அன்புடன்,
சான்பாடாவில் உங்கள் பக்கத்துக் கட்டடத்துக்காரன்